மடிக்கணினியில் ஒலி நின்றால் எங்களுக்குத் திரையே அணைந்துவிடுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியில் திடீரென ஒலி வராமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த குறிப்பை இணையப் பதிப்பில் கேட்டேன். ‘படித்தேன்’ என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியன். பாடக்குறிப்பு, வினாத்தாள், மதிப்பெண் பதிவேடு, வங்கிக் கணக்கு, அன்றாடச் செய்தித்தாள் என அனைத்தையும், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் மடிக்கணினியிலேயே முடித்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்பில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் முதல் வழிமுறையே ‘திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸை வைத்துச் சொடுக்கவும்’ என்று தொடங்குகிறது. பார்வையுள்ளவருக்கு ஒலி நின்றால் பாட்டும் படமும் கெடும், காணொலிக் கூட்டம் தடைப்படும். ஆனால் பழுதைச் சரிசெய்யத் திரை அவர் கண்முன் இருக்கும். எங்களுக்கோ ஒலிதான் திரை. பழுதை நீக்குவதற்கான கருவியே பழுதாகிவிடும் இந்த நிலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் கேட்டதில்லை என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எங்கள் தரப்பில் மௌனம் என்பது ஒரே பழுதல்ல. கணினி உறைந்து நின்றிருக்கலாம். திரைவாசிப்பான் மட்டும் செயலிழந்திருக்கலாம். அல்லது உண்மையாகவே ஒலி போயிருக்கலாம். மூன்றிலும் காதுக்குக் கிடைப்பது ஒன்றே. இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, விண்டோஸுடன் சேர்ந்தே வரும் நரேட்டர் என்னும் இரண்டாவது திரைவாசிப்பானை எழுப்பிப் பார்ப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். அது பேசிவிட்டால் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது, எங்களில் பலர் பயன்படுத்தும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான்தான் நின்றுபோயிருக்கிறது என்று பொருள். கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி அதை மீண்டும் தொடங்கலாம். நரேட்டரும் வாய் திறக்காவிட்டால், அப்போதுதான் ஒலியைச் சந்தேகிக்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்க, இந்த இரண்டும் பேசாமல் இருந்தால், இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது, குரல்தான் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து வருவது மியூட் விசை. பெரும்பாலான மடிக்கணினிகளில் மேல்வரிசையில் உள்ள எஃப் விசைகளில் ஏதோ ஒன்றுதான் ஒலியை அடைக்கும் விசையாகவும் இருக்கிறது. எந்த எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேகமாகத் தட்டச்சு செய்யும்போது விரல் பட்டு அது அழுந்திவிடுவது சாதாரணம். பல மாடல்களில் ஒலி அடைபட்டிருக்கிறது என்பதைக் காட்ட அந்த விசையிலேயே ஒரு சிறு விளக்கு எரியும். அந்த விளக்கால் எங்களுக்கு என்ன பயன் என்பதை வடிவமைத்தவர்தான் சொல்ல வேண்டும். ‘மியூட் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை எங்களுக்கு உதவாது. ஒருமுறை அழுத்தினால் அடைக்கும், மறுமுறை அழுத்தினால் திறக்கும் விசை அது. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதவர் அழுத்தினால், திறந்திருந்ததையும் அடைத்துவிடுவார். அதைத் தொடாமல், ஒலியைக் கூட்டும் விசையைத் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதே மேல். விண்டோஸில் அந்த விசை அடைப்பையும் நீக்கிவிடும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இரண்டு அளவு கூடும் என்பதால், சுழியத்திலிருந்து நூறு வரை ஏற ஐம்பது அழுத்தம் போதும். பார்வையற்ற மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தரும் பாடம் இதுதான்: முன்னும் பின்னும் மாறும் விசையை நம்பாதே, ஒரே திசையில் போகும் விசையை நம்பு.

ஒலி போகவில்லை, வேறு இடத்துக்குப் போயிருக்கிறது என்பதும் அடிக்கடி நேர்வது. ஏற்கெனவே இணைத்துப் பழக்கிய புளூடூத் ஹெட்போனை அடுத்த அறையில் யாராவது இயக்கினால், மடிக்கணினி அதனுடன் தானாகவே சேர்ந்துகொண்டு தன் குரலை அங்கே அனுப்பிவிடும். ஹெட்போனை அணைத்தால் பேச்சு ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். எங்கள் பள்ளியின் திறன்மிகு வகுப்பறையில் எச்டிஎம்ஐ கம்பி வழியாகப் புரொஜெக்டரை இணைத்தவுடன் இதே நிகழ்ந்திருக்கிறது: படமும் ஒலியும் சேர்ந்தே அந்தக் கம்பியில் போய்விட, ஸ்பீக்கர் இல்லாத புரொஜெக்டர் படத்தை மட்டும் சுவரில் காட்டியது. மாணவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க, பாடம் நடத்த வேண்டிய எனக்கு அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. விண்டோஸ் 11இல் விண்டோஸ், கண்ட்ரோல், வி விசைகளை அழுத்தினால் ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் திறக்கும். நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பட்டியலில் எந்தச் சாதனம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம், நாளுக்கு நாள் மாறுகிறது. கேட்க முடியாத பட்டியலில் அம்பு விசையை எண்ணி எண்ணி நகர்வது குருட்டாம்போக்கு. இந்தச் சொல்லை நான் பயன்படுத்தினால் வாசகர்கள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன். கம்பியை உருவிவிடுவதும் ஹெட்போனை அணைப்பதுமே இங்கு நம்பகமான வழி.

இவற்றால் தீராதபோது கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பார்வையுள்ள நண்பர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது. கணினியை ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்குவதும், ‘ரீஸ்டார்ட்’ செய்வதும் ஒன்றல்ல. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்யும்போது, இயங்குதளத்தின் அடிப்பகுதியும், வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களின் நிலையும் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் இயக்கும்போது அப்படியே எடுத்து வைக்கப்படுகின்றன. எனவே ஒலியின் டிரைவர் குழம்பிப் போயிருந்தால், இரவு முழுக்க அணைத்து வைத்திருந்தாலும் காலையில் அதே குழப்பம் திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் எல்லாம் புதிதாக ஏற்றப்படுகிறது. திரையைப் பார்க்காமல் இதைச் செய்ய, விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டு, பிறகு யு, அதன்பின் ஆர் என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும். சேமிக்காத கோப்பு ஏதேனும் திறந்திருந்தால் கணினி கேள்வி கேட்டு நின்றுவிடும் என்பதால், முன்னதாகக் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திவிடுவது நல்லது.

ரீஸ்டார்ட் செய்தும் பேசாத கணினியில் பெரும்பாலும் டிரைவர்தான் சிக்கல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய மடிக்கணினிகளைப் பலரும் விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஒலிச் சில்லுக்கு எழுதப்பட்ட டிரைவர் புதிய இயங்குதளத்தில் தகராறு செய்வது இந்த மாற்றத்தின்போது எளிதாக நிகழக்கூடியது. புதிய இயந்திரங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2024 டிசம்பரில், டிராக் என்னும் ஒலி மேம்பாட்டு மென்பொருள் உள்ள சில கணினிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பை நிறுவியதும் உள்ளிருக்கும் ஸ்பீக்கர், புளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாமே வேலை செய்யாமல் போவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அத்தகைய கணினிகளுக்கு அந்தப் பதிப்பை அனுப்புவதை நிறுத்தி வைத்தது. ஒரு புதுப்பிப்பு எங்கள் குரலை ஒரே இரவில் பறித்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புளூடூத் ஹெட்போனும் சேர்ந்தே நின்றுபோனது என்பதையும் கவனிக்க வேண்டும். மாற்று வழி என்று நினைத்திருந்ததும் அதே பாதையில்தான் போகிறது.

டிரைவரைச் சரிசெய்ய, கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜருக்குள் போய், ஒலிச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுவனத்தின் டிரைவரை நீக்கிவிட்டு, விண்டோஸுடன் வரும் பொதுவான ‘ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்’ டிரைவரை வைக்கலாம். பல நேரங்களில் அதுவே ஒலியை மீட்டுவிடும். ஆனால் இத்தனை படிகளையும் கேட்காமல் செய்ய யாராலும் முடியாது. ஆகவே முதலில் எப்படியாவது ஒரு குரலைத் தற்காலிகமாகவேனும் வரவழைக்க வேண்டும். அதற்கு என் பையில் எப்போதும் இருப்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு யுஎஸ்பி ஒலி அடாப்டர். சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு முனையை யுஎஸ்பி துளையில் செருகி, மறு முனையில் சாதாரண இயர்போனை மாட்டினால், மடிக்கணினிக்குள் இருக்கும் ஒலிச் சில்லை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, இந்த அடாப்டருக்குள் இருக்கும் தனிச் சில்லு வழியாகப் பேச்சு வரத் தொடங்கும். விண்டோஸிலேயே இதற்கான டிரைவர் இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இயர்போனில் குரல் கேட்ட மறுகணம் பிரச்சினை பாதியாகிவிடுகிறது. மீதிப் பாதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வன்பொருள் பழுதா மென்பொருள் பழுதா என்பதைக் கண்டறியவும் அந்த அடாப்டர் உதவுகிறது. அடாப்டரில் பேச்சு வந்து, மடிக்கணினியின் சொந்த இயர்போன் துளையிலும் ஸ்பீக்கரிலும் வராவிட்டால், விண்டோஸின் ஒலிச் சேவை இயங்குகிறது, உள்ளிருக்கும் சில்லிலோ அதன் டிரைவரிலோ குறை என்று தெரிந்துகொள்ளலாம். இயர்போன் துளையில் வருகிறது, ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் அந்தத் துளையின் மேலேயே விழ வேண்டும். அதற்குள் இயர்போன் செருகப்பட்டிருக்கிறதா என்பதை உணரும் ஒரு சிறு தொடுமுனை இருக்கிறது. தூசியோ துருவோ படிந்து அது அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், இயர்போன் இல்லாதபோதும் இருப்பதாகவே கணினி நம்பி, ஸ்பீக்கரை அடைத்து வைத்திருக்கும். செருகியைச் சில முறை உள்ளே விட்டு எடுத்தாலே சரியாகிவிடுவதுண்டு.

இனி சர்வீஸ் கடைகளைப் பற்றி. எந்தக் கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஊருக்கு ஊர் இதே கதைதான். ஒலி இல்லை என்று மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கிருக்கும் இளைஞர் மேலே சொன்ன எதையும் பார்க்காமல், ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் சார்’ என்கிறார். இல்லாவிட்டால், ‘போர்டு போய்விட்டது’ என்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவிக்கு இரண்டும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டன. வட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது ஒலி வந்திருந்தது உண்மைதான். ஆனால் அவளுடைய என்விடிஏவும், அதில் அவள் பொறுமையாக அமைத்து வைத்திருந்த தமிழ்க் குரலும், வேகமும், விசை அமைப்புகளும், இரண்டு பருவத்துப் பாடக்குறிப்புகளும் போயிருந்தன. கடைக்காரர் கணினியை இயக்கிப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டி, ‘பாருங்கள், நன்றாகப் பாடுகிறது’ என்றார். பாடிய கணினி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை யுஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பார்த்தால், வட்டில் உள்ள எதையும் தொடாமல், ஒலிச் சில்லு உயிரோடிருக்கிறதா இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். அதில் ஒலி வந்தால் போர்டின் மேல் பழி போட வேண்டியதில்லை. கடைக்காரர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. ஃபார்மட் போடுவது சுலபம், கட்டணமும் நிச்சயம் என்பதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது.

தொலைவிலிருந்து உதவி பெறவும் வழி இருக்கிறது. என்விடிஏ என்பது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, இன்றுவரை இலவசமாகவே வழங்கப்பட்டுவரும் மென்பொருள். அதன் 2025.1 பதிப்பில், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியை இயக்கும் வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இந்த வசதி அனுப்புவது ஒலியை அல்ல, பேச வேண்டிய சொற்களை. ஆகவே மதுரையில் ஒருவருடைய மடிக்கணினி ஊமையாகிக் கிடந்தாலும், அது என்ன பேச நினைக்கிறதோ அதைத் திருச்சியில் இருக்கும் அவருடைய பார்வையற்ற நண்பரின் கணினி உரக்கச் சொல்லும். அவர் அங்கிருந்தே டிவைஸ் மேனேஜர் வரை போய்ச் சரிசெய்துவிடலாம். ஆனால், கணினி தொடங்கும்போதே இணைப்பும் தானாக ஏற்படுமாறு நல்ல நிலையில் இருக்கும்போதே அமைத்து வைத்திருக்க வேண்டும். டென்மார்க்கில் தோன்றி 2015 முதல் இயங்கிவரும் ‘பி மை ஐஸ்’ செயலி வழியாகத் தன்னார்வலர் ஒருவரிடம் கைப்பேசிக் கேமராவில் திரையைக் காட்டிக் கேட்கலாம். வங்கிக் கணக்கோ மாணவர் விவரமோ திறந்திருக்கும் திரையை முன்பின் அறியாதவருக்குக் காட்டுவதற்கு மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இவை அனைத்தும் தனிமனிதர் தம் சாமர்த்தியத்தால் செய்துகொள்பவை. உண்மையில் தீர்வு இயந்திரத்தின் பக்கம் இருக்க வேண்டும். அது சாத்தியமானது என்பதற்கு ஏற்கெனவே முன்மாதிரி இருக்கிறது. 2011இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவல் நிரலைப் பேச்சு வழியாகவே இயக்க முடிகிறது. தொடக்கத்தில் எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால் அது பேச ஆரம்பிக்கும். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிச் சாதனங்கள் இருந்தால், எந்தச் சாதனத்திலிருந்து பேச்சு வர வேண்டுமோ அதில் குரல் கேட்கும்போது என்டரை அழுத்துமாறு அது சொல்கிறது. அவ்வளவுதான். பட்டியல் இல்லை, படம் இல்லை, மூலை இல்லை. எந்தச் சாதனத்தைக் காது கேட்கிறது என்று கணினியே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பல கோடிப் பேர் பயன்படுத்தும் வணிக இயங்குதளங்களில், ‘ஒலியைக் காணவில்லை’ என்று சொல்ல ஒரு விசைச் சேர்க்கை இருந்து, அதை அழுத்தியவுடன் இதே முறையில் ஒவ்வொரு சாதனமாகப் பேசிப் பார்த்தால், நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி தேவைப்படாது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. அந்தப் பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கணினிகளில் எது இருக்க வேண்டும் என்று விதிக்கும் வலிமை தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருட்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைப்பதை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு சொல்கிறது. எனவே அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் மூன்று சிறு தேவைகளைச் சேர்க்கலாம். ஒலிச் சேவையை நிறுத்தித் தொடங்குகிற, உள்ளிருக்கும் ஸ்பீக்கருக்கே பேச்சைத் திருப்புகிற ஒரு குறுநிரலை, குறிப்பிட்ட விசைச் சேர்க்கையில் இயங்குமாறு எல்லாக் கணினிகளிலும் அமைத்துத் தர வேண்டும். பார்வையற்ற மாணவருக்குரிய கணினியுடன் ஒரு யுஎஸ்பி ஒலி அடாப்டரையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே அல்ல. பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தில், உரியவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் வட்டை அழிக்கக் கூடாது, கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது திரைவாசிப்பானை இயக்கிக் காட்ட வேண்டும் என்னும் நிபந்தனைகள் இருக்க வேண்டும். பாட்டுப் போட்டுக் காட்டுவது போதாது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, ‘இங்கே சொடுக்கவும்’ என்ற வரியை அடுத்து, அதே வேலையைச் செய்யும் விசைகளையும் அச்சிடுங்கள். மவுஸ் கெட்டுப்போன பார்வையுள்ள வாசகருக்கும் அது பயன்படும். இணையப் பதிப்பில் அந்தக் குறிப்போடு வந்திருந்த நான்கு படங்களுக்கும் விளக்கவரி சேர்க்கப்படவில்லை. என் திரைவாசிப்பான் அவை ஒவ்வொன்றையும் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. அவற்றில் என்ன இருந்தது என்பதை ஒரு வரி எழுதிச் சேர்த்தால், அந்தக் குறிப்பை மறுபடியும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சமூக அறிவியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.